குறைந்த செலவில் வீட்டிலேயே பரிசுப் பெட்டி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகாப்பு, கொலு, தீபாவளி, கிறிஸ்துமஸ், பிறந்தநாள் என எந்த நிகழ்வானாலும், பரிசை வைத்துக் கொடுப்பதற்கான பெட்டியைத் தாமே செய்ய விரும்புவோர் புதுச்சேரியிலும் கடலூரிலும் பலர் உள்ளனர். அவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன. அளவுகள் அனைத்தும் சென்டிமீட்டரில் உள்ளன. மில்லிமீட்டர் வரும் இடங்களில் அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளது.

கடையில் ஆயத்தப் பெட்டி கிடைக்கும்போது, வீட்டில் செய்வது உண்மையிலேயே மலிவா?

எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பெட்டிக்காக மினுக்குத் தாள், சாட்டின் ரிப்பன், கல் பதித்த ஸ்டிக்கர், சூட்டுப் பசைத் துப்பாக்கி என்று வாங்கத் தொடங்கினால், கடைப் பெட்டியின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவாகிவிடும். அட்டையை விலை கொடுக்காமல் பெறுவது, பரிசுப் பொருளின் அளவுக்கு மேல் பெட்டியைப் பெரிதாக்காமல் இருப்பது, ஒரு தாளிலிருந்து வீணில்லாமல் எத்தனை பெட்டி எடுக்கலாம் என்று வெட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்வது ஆகிய மூன்றினால்தான் செலவு குறைகிறது. இவற்றைச் செய்துவிட்டால், காசு கொடுத்து வாங்க வேண்டியவை பசையும் மூடியின் மேல் ஒட்டும் தாளும் மட்டுமே. அந்த மேல்தாளில் மட்டும் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியைப் பெறுபவரின் கண் முதலில் படுவதும் கை முதலில் தொடுவதும் அதைத்தான்.

அட்டையை எங்கே பெறுவது?

முதல் இடம் நம் வீட்டுச் சுவர்தான். மளிகைக் கடையும் நகைக் கடையும் ஆண்டுதோறும் தரும் தினசரி காலண்டரின் பின்னட்டை, பெட்டி செய்வதற்கு ஏற்ற கெட்டியுடன் இருக்கும். ஆண்டு முடிந்து சனவரி பிறந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வைத்தால், அந்த ஆண்டுக்கு வேண்டிய அட்டை சேர்ந்துவிடும். அதில் பெரும்பாலும் முருகனோ, லட்சுமியோ, மாதாவோ அச்சிடப்பட்டிருக்கும். சாமிப் படம் உள்ள பகுதி பெட்டியின் அடிப்பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. அட்டையின் மேல் தாள் ஒட்டத்தான் போகிறோம் என்றாலும், அது அங்கே இருப்பது செய்பவருக்குத் தெரியும் அல்லவா?

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. இப்போது வரும் பத்திரிகைகள் பல, பொன்னிற வேலைப்பாட்டுடன் கூடிய கெட்டித் தாளில் அச்சாகின்றன. அவற்றின் வெறுமையான பகுதிகள் சிறு பெட்டிகளின் மூடிக்குப் போதுமானவை. பட்டுப்புடவைப் பெட்டி, சட்டைப் பெட்டி, செருப்புப் பெட்டி ஆகியவற்றைப் பிரித்தால் தட்டையான அட்டை கிடைக்கும். புத்தம்புது அட்டைதான் வேண்டும் என்றால், எழுதுபொருள் கடையைவிடப் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் கேட்பது சிக்கனம். அங்கே முழு அட்டையை வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுகள் இருக்கும். அச்சகங்களிலும் ஓரம் வெட்டிய கெட்டித் தாள் துண்டுகளைக் கேட்டுப் பெறலாம். புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிறு சந்தையும் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைக் கடைகளும் துணித் துண்டு, சரிகை, நாடா போன்றவற்றைத் தேடுவதற்கு உகந்தவை.

ஒரு சார்ட் தாளில் எத்தனை பெட்டிகள் செய்யலாம்?

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம் 15, அகலம் 10, உயரம் 5 உள்ள பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கைக்குட்டை, வளையல், சிறிய விளக்கு, கால் கிலோ முந்திரி ஆகியவற்றுக்கு இந்த அளவு போதும். நான்கு புறமும் சுவர் மடிய வேண்டும் என்பதால், நீளத்துடன் உயரத்தின் இருமடங்கையும் அகலத்துடன் உயரத்தின் இருமடங்கையும் கூட்ட வேண்டும். அதாவது அடிப்பெட்டிக்கு 25 × 20 அளவுள்ள தாள் தேவை. மூடி சற்றுத் தளர்வாக இறங்குவதற்காக நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் கூட்டி, அதன் உயரத்தை 2.5 என்று வைத்தால், மூடிக்கு 20.3 × 15.3 அளவுள்ள தாள் வேண்டும்.

சார்ட் தாளின் வழக்கமான அளவு ஏறத்தாழ 71 × 56. நீளப் பக்கத்தில் இரண்டு, அகலப் பக்கத்தில் இரண்டு என நான்கு அடிப்பெட்டிகளை ஒரு மூலையிலிருந்து வரைந்தால் 50 × 40 இடம் பிடிக்கும். நீளப் பக்கத்தில் மிஞ்சும் 21 அகலமுள்ள பட்டையில் மூன்று மூடிகளையும், கீழே மிஞ்சும் 16 அகலமுள்ள பட்டையில் இரண்டு மூடிகளையும் வெட்டலாம். ஆக, ஒரே தாளில் நான்கு முழுப் பெட்டிகளும், ஒன்று கெட்டுப்போனால் ஈடுகட்ட ஒரு மூடியும் கிடைக்கின்றன. மூடியின் உயரத்தை 3 என்று வைத்தால் இதே அமைப்பில் இரண்டு மூடிகளுக்கு மட்டுமே இடம் இருக்கும். அரை சென்டிமீட்டர் வேறுபாட்டினால் இன்னொரு தாள் வாங்க வேண்டியதாகிவிடும். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு பழைய தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

மடிக்கும்போது தாள் வெடிக்கிறது; ஓரம் நேராக வருவதில்லை. என்ன செய்வது?

ஆலையில் செய்யப்படும் தாளிலும் அட்டையிலும் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். இழையோட்டத்தின் போக்கிலேயே மடித்தால் தாள் இணங்கும். குறுக்கே மடித்தால் எதிர்க்கும், கெட்டித் தாளாக இருந்தால் மேற்பரப்பு வெடிக்கும். திசையை அறிய, தாளை மடிக்காமல் இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவுக் கோட்டின் திசையில் இழை ஓடுகிறது. பெட்டிக்கு நான்கு பக்கமும் மடிப்பு உண்டு என்பதால் எல்லா மடிப்பையும் இழைப்போக்கில் அமைக்க இயலாது. நீளமான மடிப்புகளையாவது அந்தத் திசையில் வைத்தால் போதும்.

மடிக்கும் முன் ஒவ்வொரு கோட்டையும் அழுத்திப் பதிக்க வேண்டும். இதற்கு மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவே சிறந்த கருவி. ஸ்டீல் அடிக்கோலை வைத்து ஒரே அழுத்தத்தில் இரண்டு முறை இழுத்தால் போதும். கத்தியால் இலேசாகக் கீறி மடிக்கும் வழக்கமும் உண்டு. அப்படிக் கீறிய இடம் சில முறை திறந்து மூடியதும் கிழிந்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. கோடுகளைப் பதித்த பின் நான்கு மூலைகளிலும் ஒரு பக்கக் கோட்டில் மட்டும் வெட்டிவிட்டு, அதனால் உண்டாகும் சதுரக் காதைப் பக்கத்துச் சுவரின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும்.

காலண்டர் அட்டையில் கெட்டிப் பெட்டி செய்யும்போது அளவுகள் ஏன் பொருந்துவதில்லை?

அட்டையின் கனத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் பெரும்பாலும் காரணம். கெட்டி அட்டையை மடிக்க இயலாது. அடிப்பலகையையும் நான்கு சுவர்களையும் தனித்தனியாக வெட்டி ஒட்ட வேண்டும். அட்டையின் கனம் 2 மில்லிமீட்டர் என்றும், வெளிப்புற அளவு 15 × 10 என்றும் கொண்டால், சுவர்கள் அடிப்பலகையின் மேல் நிற்க வேண்டும். நீளச் சுவர் இரண்டும் 15 நீளம் இருக்கும். அகலச் சுவர் இரண்டும் அவற்றுக்கு இடையில் அடங்க வேண்டியவை என்பதால், 10 என்று வெட்டாமல் 9.6 என்று வெட்ட வேண்டும். மூடியின் உள்ளளவு அடிப்பெட்டியின் வெளியளவைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அதனுடன் இரு பக்கச் சுவர்களின் கனமும் சேரும்போது மூடியின் மேற்பலகை 15.7 × 10.7 ஆகிறது. மேலே ஒட்டும் தாள் கனமானதாகவோ துணியாகவோ இருந்தால் இன்னும் 1 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் அறுக்க முயல வேண்டாம். அடியில் வேறோர் அட்டையை வைத்து, அடிக்கோலைச் சாய்க்காமல் பிடித்து, இலேசாக நான்கைந்து முறை கத்தியை இழுத்தால் ஓரம் சுத்தமாக வரும்.

மூடியின் மேல் எந்தத் தாளை ஒட்டலாம்?

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவு 1959இல் தொடங்கப்பட்டு, பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்துவருகிறது. அங்கு உருவாகும் தாள்களில், நீரின் மேல் மிதக்கும் வண்ணத்தைத் தாளில் எடுக்கும் பளிங்கு வேலைப்பாட்டுத் தாள்களும் உண்டு. ஒரு முழுத் தாளின் விலை சார்ட் தாளைவிட அதிகம்தான். ஆனால் மூடியின் மேற்புறத்துக்கு மட்டும் பயன்படுத்தினால், ஒரு தாள் பல பெட்டிகளுக்கு வரும். பெட்டியின் சுவர்களுக்குச் சாதாரணப் பழுப்புத் தாளே போதும். கையால் வார்க்கப்பட்ட தாளில் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால், அது எந்தப் பக்கமும் இணக்கமாக மடியும். ஒட்டும்போது ஆலைத் தாள் அளவுக்கு முறுக்கிக்கொள்ளாது.

கைக்காகிதம் வேண்டாம் என்பவர்கள் பழைய புடவையைப் பார்க்கலாம். கிழிந்த பட்டுப்புடவையின் சரிகைக் கரை, வெற்று நிற மூடியின் நடுவே ஒரு பட்டையாக ஓடினாலே பெட்டிக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. துணியின் பின்புறம் பசை ஊறி முன்பக்கம் கறையாகத் தெரியும் ஆபத்து உண்டு. எனவே பசையை அட்டையின் மேல் மெல்லிதாகத் தடவி, அரைகுறையாகக் காய்ந்த பிறகு துணியை விரிக்க வேண்டும்.

பெவிகால் நல்லதா, மைதா பசை நல்லதா?

இரண்டுக்கும் வெவ்வேறு வேலை உண்டு. சுவர்களை இணைக்கவும் காதுகளை ஒட்டவும் பெவிகால் ஏற்றது. அகலமான பரப்பில் தாளை விரித்து ஒட்ட மைதா பசை உகந்தது. மெதுவாகக் காய்வதால் தாளை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போலப் பளபளக்கும் வரை கிளறி இறக்கி, ஆறிய பின் பயன்படுத்தலாம். இரண்டையும் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு, அதில் தவறில்லை.

மாவுப் பசைக்குக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும். இதற்காகப் பைண்டிங் கடைகளில் பசையுடன் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பழைய வழக்கம். மயில்துத்தம் நஞ்சு, இனிப்பு வைக்கும் பெட்டியிலும் குழந்தைகள் கையாளும் பெட்டியிலும் அதைச் சேர்க்கவே கூடாது. அத்தகைய பெட்டிகளுக்கு முழுவதும் பெவிகாலையே நீர் கலந்து பயன்படுத்துங்கள்.

ஒட்டிய மூடி மறுநாள் கிண்ணம் போல வளைந்துவிடுகிறதே?

ஈரமான தாள் இழைக்குக் குறுக்கே விரிந்து, காயும்போது சுருங்குகிறது. சுருங்கும் தாள் அட்டையைத் தன் பக்கம் இழுப்பதால் அட்டை வளைகிறது. அட்டையின் மறுபுறத்திலும் அதே திசையில் ஒரு தாளை ஒட்டினால் இரு பக்க இழுப்பும் சமமாகிவிடும். தாளில் பசை தடவியவுடன் ஒட்டாமல், அது முழுதாக விரிவதற்கு ஒரு நிமிடம் விட்டு, பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துணியால் நீவினால் குமிழியும் வராது. ஒட்டி முடித்த பலகைகளைக் கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது கூடாது.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டியோ அதன் நடுவிலோதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் உள்ள ஈரத்தில் பசை காய்வதற்கு இருமடங்கு நேரம் ஆவதும், காய்ந்த அட்டை மீண்டும் நமத்துப்போவதும் வழக்கம். ஆகவே தீபாவளிப் பெட்டிகளைச் செப்டம்பரிலேயே முடித்து, அலமாரியின் மேல் தட்டில் ஒரு துணிப்பையில் கட்டி வைப்பது புத்திசாலித்தனம். புதிய செருப்பு, கைப்பை ஆகியவற்றுடன் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் அதனுள் போட்டு வைக்கலாம். பரிசு கொடுக்கும்போது அவற்றை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இனிப்பு, முறுக்கு, முந்திரி ஆகியவற்றை இந்தப் பெட்டிகளில் வைக்கலாமா?

உணவு நேரடியாக அட்டையில் படாதவாறு வைக்கலாம். செய்தித்தாளை மட்டும் உள்ளே விரிக்க வேண்டாம். அச்சு மை உணவில் கலக்கும் என்பதனால், 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டலமிடல் விதிகள் உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் சுற்றுவதையும் தடைசெய்துள்ளன. பழைய காலண்டர் தாளுக்கும் இதே காரணம் பொருந்தும். பட்டர் பேப்பரை உட்புற அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிச் சுவர்கள் வரை ஏற்றி விரித்தால் எண்ணெய் ஊறாது. அன்றே உண்ணப்படும் பலகாரம் என்றால், தணலில் வாட்டித் துடைத்த வாழையிலைத் துண்டே போதும். பண்ருட்டி முந்திரியை வறுத்துக் கொடுப்பதானால், காற்றுப் புகாத சிறு டப்பாவில் அடைத்து, அந்த டப்பாவுக்கு ஏற்ற பெட்டி செய்வதே முறை. அட்டைப் பெட்டி மொறுமொறுப்பைக் காக்காது.

செலவில்லாமல் அலங்கரிக்க என்ன வழிகள் உள்ளன?

எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். 2022 சூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையில், அலங்காரத்துக்கான தெர்மாகோலும், இனிப்புப் பெட்டிகளையும் அழைப்பிதழ்களையும் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் பல ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதலே தடை உண்டு. பளபளப்புத் தாளைச் சுற்றித்தான் பெட்டியை அழகாக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

ரிப்பனுக்கு மாற்றாக வாழைநார் இருக்கிறது. பூக்கட்டுவோர் பயன்படுத்தும் அதே நார்தான். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலோ தெருமுனைப் பூக்கடையிலோ கேட்டால் சொற்ப விலைக்குக் கிடைக்கும். சிறிது நேரம் நீரில் நனைத்துத் துடைத்துவிட்டுக் கட்டினால் ஒடியாது. கடலூர்க் கடற்கரையோர மணற்பாங்கான நிலங்களில் பயிராகும் வெட்டிவேரை, முடிச்சின் நடுவே இரண்டு மூன்று இழைகள் செருகிவைத்தால் பெட்டியைத் திறக்கும் முன்பே மணம் வரும். காய்ந்த பூக்களில் வாடாமல்லிக்கு ஈடில்லை. மற்ற பூக்கள் பழுப்பேறும்போது அது நிறத்தை வைத்துக்கொள்கிறது.

மூடியில் வரைவதற்குக் கோலத்தைவிடச் சிறந்த வடிவம் ஏது? புள்ளிகள் இருப்பதால் ஓவியப் பயிற்சி இல்லாதவருக்கும் சீராக வரும். அடர் நிறத் தாளில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் பென்சிலால் புள்ளி வைத்து, வெள்ளை போஸ்டர் வண்ணத்தில் தோய்த்த மெல்லிய தூரிகையால் இழுக்கலாம். மூடி முழுவதையும் நிரப்பாமல் ஒரு மூலையில் மட்டும் சிக்குக் கோலம் போட்டு மற்ற இடத்தை வெறுமையாக விடுவது என் விருப்பம்.

வட்டப் பெட்டி செய்ய முடியுமா?

துணிக்கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயை வாங்கி, இரும்பறுக்கும் வாளால் வேண்டிய உயரத்துக்கு அறுத்து, அடியில் வட்ட அட்டை ஒட்டுவது எளிய வழி. குழாய் கிடைக்காவிட்டால், விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, ஒட்டுவதற்கு 2 கூட்டிய நீளத்தில் மெல்லிய அட்டைப் பட்டையை வெட்ட வேண்டும். இழையோட்டம் பட்டையின் உயரத் திசையில் இருந்தால் உடையாமல் வளையும்.

காகிதக்கூழில் பெட்டி செய்வது பற்றிச் சொல்லுங்கள்.

புதுச்சேரியை அடுத்த திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. அந்த நுட்பத்தை வீட்டில் எட்டிவிட முடியாது என்றாலும், அடிப்படை எளிதானது. கிராமங்களில் பழைய தாளை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்துடன் சேர்த்து அரைத்துக் கூடை செய்யும் பழக்கம் நெடுநாளாக உண்டு. வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்து நிறுத்துகிறது. எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, ஈரத் துணியைப் போர்த்தி, அதன்மேல் கூழை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராக அப்பி, நன்றாகக் காய்ந்த பின் கழற்றினால் கிண்ணம் போன்ற பெட்டி கிடைக்கும். சற்றுப் பெரிய டப்பாவின் மேல் தட்டையாக அப்பினால் மூடி வந்துவிடும். மேலே கைக்காகிதத் துண்டுகளை ஒட்டலாம், அல்லது வண்ணம் பூசலாம். முழுதாகக் காய்வதற்குச் சில நாள் வெயில் வேண்டும் என்பதால், இது சித்திரை, வைகாசி மாதங்களுக்கான வேலை. மழைக்காலத்தில் செய்தால் காய்வதற்குள் பூசணம் பூத்துவிடும்.

வளைகாப்புக்கு நூறு பெட்டிகள் வேண்டும். வீட்டில் சாத்தியமா?

சாத்தியம்தான்; ஒவ்வொரு பெட்டியாகத் தொடங்கி முடிக்கக் கூடாது. முதலில் ஒரு மாதிரிப் பெட்டியைச் செய்து, பரிசை உள்ளே வைத்து, மூடி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே எண்ணிக்கைக்குச் செல்ல வேண்டும். மேற்சொன்ன 15 × 10 அளவுப் பெட்டிக்கு 25 சார்ட் தாள்கள் போதும். கெடுவதை எண்ணி ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கலாம். தாள்களை அடுக்கி எடுத்துச் சென்று பைண்டிங் கடையின் வெட்டு இயந்திரத்தில் கொடுத்தால், 25 × 20 துண்டுகளும் 20.3 × 15.3 துண்டுகளும் சிறு நேரத்தில் வெட்டிக் கிடைக்கும். அந்தக் கூலி, கைவலியையும் கோணலையும் நினைத்தால் அதிகமில்லை. வீட்டில் ஒருவர் கோடு பதிக்க, ஒருவர் மூலை வெட்ட, ஒருவர் ஒட்ட எனப் பிரித்துக்கொண்டால் வேலை வேகமாக நகரும். கோடு பதிப்பதற்கு ஒவ்வொரு முறையும் அளக்காமல், காலண்டர் அட்டையில் அடிப்பெட்டிக்கு 15 × 10, மூடிக்கு 15.3 × 10.3 என வெட்டிய மாதிரியை நடுவில் வைத்துச் சுற்றிலும் இழுத்தால் போதும்.

குழந்தைகள் செய்யக்கூடிய பெட்டி ஏதாவது உண்டா?

கத்தியும் பசையும் இல்லாமல், சதுரத் தாளை மடித்தே செய்யும் பெட்டி அவர்களுக்கு ஏற்றது. ஏ4 தாளிலிருந்து வெட்டிய 21 சதுரத்தின் நான்கு மூலைகளையும் மையத்தை நோக்கி மடித்து, பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் மையக் கோடு வரை மடித்துப் பதித்து, எதிரெதிர் இரு மூலைகளைப் பிரித்துச் சுவர்களை எழுப்பினால், ஏறத்தாழ 7.4 சதுரமும் 3.7 உயரமும் உள்ள மூடி வரும். அடிப்பெட்டிக்கு 20.5 சதுரம் எடுத்தால் மூடி சரியாக அதன்மேல் இறங்கும். மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

செய்த பெட்டியை வெளியூருக்கு அஞ்சலில் அனுப்பலாமா?

அப்படியே அனுப்பினால் நசுங்கிவிடும். நான்கு பக்கமும் இரண்டு விரல் இடம் இருக்கும்படி பெரிய நெளிவு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளைத் திணிக்க வேண்டும். வெளிப்பெட்டியைக் குலுக்கிப் பார்க்கும்போது உள்ளே எதுவும் நகரக் கூடாது. கைக்காகிதத்தின் சாயம் ஈரத்தில் ஒழுகக்கூடும் என்பதால், மழைக்காலத்தில் பரிசுப் பெட்டியின் மேல் ஒரு சுற்று பட்டர் பேப்பரைச் சுற்றிவிட்டு, முகவரியை வெளிப்பெட்டியில் நீரில் கரையாத மையால் எழுதுங்கள்.